எலி மருந்து

கதவைச் சாத்தி
புற ஊதா விளக்கைப் போட்டால்
கடலைச் சாறு சொட்டிய தகட்டில்
நீலம் கண் விழிக்கும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
என்ன அழகு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
மேலதிகாரி நவால் சிரிக்கவில்லை.
"பூஞ்சை எச்சில் அது" என்றாள்.

ஷார்ஜாவில் எனக்கு இதுதான் பிழைப்பு.
சூடான் எள், ஈரான் பிஸ்தா,
நம்மூர் மிளகாய்,
எதிலும் நூறு கோடியில் எத்தனை பங்கு நஞ்சு
என்று எண்ணி எழுதிக் கையெழுத்திடுவது.
ஆகஸ்டில் துறைமுகத்துக் கன்டெய்னருக்குள்
ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்,
பூஞ்சைக்கு இந்த ஊர் ஏன் இவ்வளவு பிடிக்கிறதென்று
உங்கள் சட்டையே சொல்லும்.

இசக்கிராஜுக்கு அவீர் சந்தையில் வெங்காயக் கிடங்கு.
நாளெல்லாம் சருகு உரித்துத் தள்ளி
மயிரிலும் காதிலும் செந்தூளோடு வருவான்.
மூன்று வருடமாக எல்லாரும்
என் வயிற்றைத்தான் விசாரித்தார்கள்.
அல் நஹ்தா கிளினிக் போன வாரம்
அவன் பெயரில் ஒரு தாள் கொடுத்தது:
எண்ணிக்கை குறைவு.
நீந்துபவை அதிலும் குறைவு.
நாலாக மடித்து
மின்சார பில்லுக்கு அடியில் வைத்தான்.
டாக்டர் சிகரெட் பற்றிக் கேட்டார்,
இறுக்கமான உள்ளாடை பற்றிக் கேட்டார்.
கடலை பற்றிக் கேட்கவில்லை.

கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை இருந்தது.
கழித்துப் போட்ட சரக்கு, சும்மா கிடைத்தது,
அறைத் தோழன் காலத்துப் பழக்கம்.
ராத்திரி கிரிக்கெட் ஓடும்,
அவன் கை மூட்டைக்கும் வாய்க்கும் ஓடும்.
ஒரு பிடி அள்ளிக் கைப்பையில் போட்டேன்.

அந்த மாதிரிக்கு எண் இல்லை.
அனுப்புநர் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை.
எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும்
விளக்கைப் போட்டேன்.
எவ்வளவு நீலம்.
எங்கள் கட்டிலுக்கடியில் இவ்வளவு நீலம்.

அன்றிரவு படித்தேன்.
சில எலிகளுக்கு நஞ்சு மட்டும்,
சில எலிகளுக்கு நஞ்சோடு
வெங்காயத்தில் இருக்கும் ஒரு மஞ்சள் சத்து,
பெயர் குவர்செட்டின்.
இரண்டாம் கூட்டத்து விதைப்பைகள்
அவ்வளவாகச் சிதையவில்லையாம்.
மஞ்சளுக்கும் தக்காளிச் சிவப்புக்கும்
அதே மாதிரி அட்டவணைகள்.
எல்லா எலிகளையும் கடைசியில் கொன்றார்கள்,
அது செய்முறைப் பகுதியில் ஒரு வரி.
மனிதர்களைப் பற்றி
"மேலும் ஆய்வு தேவை" என்று இன்னொரு வரி.
உன் தாளுக்கும் இந்தக் கடலைக்கும்
முடிச்சுப் போட என்னிடம் தகடு இல்லை, இசக்கி.
அந்தச் சத்து அதிகம் இருப்பது
சதையில் இல்லை, மேல் தோல் பக்கம்
என்பதைப் படித்தபோது மட்டும்
எழுந்துபோய்
உன் சட்டைக் காலரைத் தட்டிப் பார்த்தேன்.

மூட்டையை இரண்டு பைக்குள் கட்டினேன்,
ஏசி மேல் குந்தும் புறாக்கள் கொத்தாதபடி.
லிஃப்டில் இறங்கும்போது
மாப்பிள்ளைச் சீர் எடுத்துப்போகிறவள் போல
இடுப்பில் வைத்திருந்தேன்.

திரும்பி வந்து சருகைக் கழுவிக் கொதிக்கவிட்டேன்.
செம்பழுப்புத் தண்ணீர்.
"என்ன இது?"
எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது என்றேன்.
"எலி மருந்தா?
புருசனைக் கொல்லத் துணிஞ்சிட்டியா?"
என்று கேட்டபடியே குடித்தான்.
மூன்று வாரத்தில் அவன் சிரித்தது அதுதான்.
பிறகு டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே
மெதுவாகக் கேட்டான்,
"எலிக்குக் குட்டி பிறந்ததா?"

அந்தக் கட்டுரையில்
அதுவரை போகவில்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.
எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினேன்.
துவர்ப்பு.
சீனி போட்டால் தேவலை.