நியூட்ரல்

கழுத்தில் சிலுவை, இடுப்பில் டெஸ்டர்.
கொருக்குப்பேட்டை கேட்டோரம்
எட்டியம்மன் கோயிலுக்கு
எட்டு ஆடியாக நான்தான் லைட்டு.
பிலோமினா எந்த சாமி என்று
எவரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் கணக்குக் கேட்டார்கள்,
என்னிடமல்ல, அவர்களிடம்.

"ஆத்தாவுக்கு நாப்பதடி ஆர்ச்சு,
முனிக்கு ஒத்த குண்டு பல்பா?"
கண்டெய்னர் ஓட்டுகிற தேசப்பன்
பயல்களோடு வந்து நின்றான்.
"எண்ணூர் ரோட்டுல ராவெல்லாம்
நாங்க கண்ணு அசராம போறது
யாரு காவல்ல?"

அகப்பையை ஓங்கினாள் செங்கேணி.
"உங்க முனிக்குச் சுருட்டு பத்த வெக்கிறதே
எங்க ஆத்தா அடுப்புக் கங்குலதான்டா."

பாதிப் பாதி என்று முடிவாயிற்று.
ஆளுக்கு இருநூறு பல்பு,
ஆளுக்கு ரெண்டு குழாய் ஸ்பீக்கர்.
மாலையைக்கூட டேப் பிடித்து அளந்தார்கள்.
டேப் என்னுடையது.
அவள் மாலை அரை இஞ்ச் நீளம்;
நான் வாயைத் திறக்கவில்லை.

மும்முனைக் கரண்ட்டு:
சிவப்பு முனியின் கண்ணுக்கு,
மஞ்சள் அவளுக்கு,
நீலம் தெருவுக்கு.
காகிதத்தில் பாதி சரிதான்.
ஒயருக்குக் காகிதம் தெரியாது.
பத்து மணிக்குப் படையல், பம்பை, ஆம்பிளிஃபயர்,
முனி பக்கம் சூடு ஏறும்.
மூணு மணிக்குக் கரகத்துப் பெண்கள் குளிக்க
மோட்டார் ஓடும், அண்டா அண்டாவாய்;
அவள் பக்கம் தொட முடியாது.
ராத்திரி முழுக்க
இதைக் கழற்றி அதில் மாட்டி
அதைக் கழற்றி இதில் மாட்டி
நானும் ஒரு மாதிரி பூசாரிதான்.

நாலாவது ஒயர் கருப்பு.
அதற்குப் பொட்டும் இல்லை பூவும் இல்லை.
நாலு வருஷம் முந்தி
கூட்ஸ் ஷெட் எலி அதைக் கடித்து அறுத்தது.
அறுந்தால்
பாரம் இல்லாத பக்கம்தான் வெடிக்கும்.
முனியின் அந்த ஒற்றைப் பல்பு
படாரென்று.
கோபம் என்றது ஜனம்.
எலி என்றேன் நான்.
இப்போது கேட்டால் யோசிப்பேன்.

வீட்டு ஷெல்ஃபில் மாதா, மாதா கையில் மகன்.
மெழுகுவத்தி ஒன்று வாங்கத்தான் வசதி,
அதனால் சண்டை வந்ததில்லை.

ஒரு மணிக்கு ஒரு கூட்ஸ் போனது.
கேட் மூடி, எல்லாரும் ஒரே இருட்டில் நிற்கையில்
கருப்பைக் கவ்விப் பிடித்தது என் மீட்டர்.
ஏழு ஆம்பியர்.
"ஜீரோ வராதாக்கா?"
தேசப்பனின் கிளீனர்.
"வரும்.
எல்லாம் அணைச்சிட்டுத் தூங்கினா வரும்."

விடியும்போது பார்க்கிறேன்,
மெயின் பெட்டியில்
மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறாள் செங்கேணி.
அதன் தலைமேல்
யாரோ ஒரு சுருட்டு வைத்திருக்கிறான்.

மூடியைத் திறந்தாக வேண்டும், மோட்டார் திணறுகிறது.
சுருட்டை எடுத்துக்
காதில் செருகிக்கொண்டேன்.
விரலெல்லாம் மஞ்சள்.