நுழையக் கூடாத சதுரம்

தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு.
கறுப்பு. நடுவில் ஒரு கண்.
பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தபோது
பியூலா கேட்டாள்:
"இது நம்ம மண்ணைத் தாங்குமாக்கா?"

நம்ம மண் என்றால் தேரி மண்.
ஆனியில் கிளம்பி ஆவணி வரைக்கும்
இட்டமொழி வீடுகளுக்குள் கேட்காமல் வரும்.
உப்பு டப்பாவில் இருக்கும்.
மடித்த போர்வைக்குள் இருக்கும்.
வேதாகமத்தில் சங்கீதத்துக்கும் நீதிமொழிக்கும் நடுவே
சிவந்த கோடாகக் கிடக்கும்.
"கையேட்டில் மாவு, முடி, நாய் ரோமம்னு போட்டிருக்கு.
காத்தைப் பத்தி ஒண்ணுமில்ல" என்றேன்.

வள்ளியூர்க் கடையில் என் வேலை
புதுசாக வருவதையெல்லாம் பொருத்திக் கொடுப்பது.
இந்த வருஷம் மட்டும் வாசல்மணிக் கேமரா பதினேழு;
அதில் ஒன்று, ஆடு வந்து நின்றால்கூட
குவைத்தில் ஒருவரை எழுப்பிவிடும்.
தூக்கத்துக்கு மார்க் போடும் மோதிரத்தைப்
பணகுடியில் காற்றாலைக் காவலர் வாங்கினார்.
ராத்திரி வேலை. தினமும் ஃபெயில்.
கதவு திறந்து கிடந்தால் திட்டும் ஃபிரிட்ஜை
ஊமையாக்கித் தரச் சொல்லி
ஒரே வீட்டிலிருந்து மூன்று போன்.

பியூலா வீட்டு எந்திரம் முதல் நாள் பெருக்கவில்லை.
சுற்றியது. சுவரருகே நின்று யோசித்தது.
கட்டிலுக்கடியில் போய் வெகுநேரம் வரவேயில்லை.
ஒரு மணி நேரத்தில் வீட்டை வரைந்து
ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டது.

அங்கே தர்மசீலன்.
கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டியவன்;
ஆறு வருஷத்தில் எழுபத்து மூன்று நாள்
இதற்குள் இருந்தவன்.
(கணக்கு பியூலாவுடையது.)
படத்தை விரலால் விரித்து
முன்னறையில் நிறுத்திக் கேட்டானாம்:
"ஜன்னல் பக்கம் பன்னிரண்டு புள்ளி. அது என்ன?"

நாற்காலிக் கால்கள்.
மூன்று நாற்காலி; நாலு மணி முதல் ஆறு வரை
பியூலா, எதிர்வீட்டு உலகம்மாள்,
பீடித் தட்டை ஓரம் வைத்துவிட்டு வரும் ரஹ்மத் பீவி.
குரூப் ஃபோர் பரீட்சை.

"பாஸான பொறவு சொல்லலாம்னு இருந்தேன்.
கேமராவை வாசலோட நிறுத்தினேன்.
இது தரையில ஊர்ந்து வந்து காட்டிக் கொடுத்திட்டுக்கா."

அவிய என்ன சொன்னாவ?

"சரின்னு சொல்லி வச்சிட்டாவ.
அது என்ன சரின்னுதான் தெரியல."

மூன்றாம் நாள் அழைத்தாள்.
எந்திரம் நாற்காலிப் பக்கமே போக மாட்டேன் என்கிறதாம்.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
ஸ்கூட்டர் தானாகக் கிழக்கே போனது.
பெட்ரோல் மிச்சம்;
திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

செயலியைத் திறந்தேன்.
பன்னிரண்டு புள்ளியைச் சுற்றி ஒரு சிவப்புச் சதுரம்.
போட்ட நேரம் இரவு ஒன்று நாற்பது.
போட்ட இடம் ஷார்ஜா.
உள்ளே கம்பெனிக்காரன் எழுதிவைத்த தமிழ்:
நுழையக் கூடாது.

பியூலா படித்தாள்.
மறுபடியும் படித்தாள்.
"யாராம்?"

எனக்கு எந்திரம் மட்டும்தான் தெரியும்.
"அழிக்கவா?" என்றேன்.

நாலு மணி ஆகியிருந்தது.
உலகம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுச்
சதுரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.
ரஹ்மத் பீவியின் விரலில் புகையிலை வாசம்;
பக்கத்தைப் புரட்டி,
"நேத்து எதுல விட்டோம்?" என்றாள்.
பியூலா என் கையிலிருந்த போனை
மெல்ல வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.
"இருக்கட்டும்" என்றாள்.
எது என்று சொல்லவில்லை.

எந்திரம் அவர்களை இடிக்காமல் சுற்றி வந்தது.

அனுப்பிய பணத்தை
வள்ளியூரில் ஆளில்லாத கல்லா மேலிருந்து
ஒரு பெட்டி உரக்கச் சொல்லியிருக்கும்:
இருநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது.

கிளம்புமுன் அதன் குப்பைத் தட்டைக் கழற்றி
வாசலில் தட்டினேன்.
ஒரு கைப்பிடித் தேரி.
காற்று அதைக் கீழே விழவிடாமல் வாங்கி,
என் தோளுக்கு மேலாக
வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது.