ஒரு பேச்சுக்கு

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
என் கம்ப்யூட்டர்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
வக்கீல்கள் சொல்வார்கள், நான் அடிப்பேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரு வாக்கியமும் என்னுடையதில்லை.

ஆனாலும் சொற்களின் குணம் பழகிவிட்டது.
‘தெரியவருகிறது’ என்றால் யாரோ சொன்னது.
‘நம்பப்படுகிறது’ என்றால் யாரும் நம்பவில்லை.
‘உத்தேசமாக’ என்ற சொல்லுக்குள்
அரை ஏக்கர் முந்திரித்தோப்பு ஒளிந்துகொள்ளும்.
‘இருக்கலாம்’ என்பதில் பாய் விரித்து
ஊரே படுக்கலாம்.

ஐப்பசி பிறந்தால்
எங்களுக்கென்றே டிவியில் ஒரு வரி:
கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே
கரையைக் கடக்கக்கூடும்.
அந்தக் ‘கூடும்’ஐ நம்பித்தான்
தகரத்தின் மேல் செங்கல் ஏற்றுகிறோம்.
பல வருஷம் அது கூடுவதில்லை.
கூடிய வருஷத்தில்
செங்கல்லையும் தேட வேண்டியிருந்தது.

நேற்று அஞ்சலாட்சி வந்தார், ராசாப்பேட்டை.
வக்கீல் கைப்பட எழுதிய தாள்,
முந்தானையில் முடிந்து வேர்வையில் நனைந்திருந்தது.

‘ஏழு வருஷங்களாக யாதொரு தகவலும் இல்லாதபடியால்
மேற்படி கலிவரதன் இறந்துவிட்டதாக
அனுமானித்து உத்தரவிட வேண்டுமாய்...’

படிச்சுக் காட்டு என்றார். காட்டினேன்.
“அனுமானிச்சுன்னா?”
ஒரு பேச்சுக்கு அப்படி வச்சுக்கிறது, என்றேன்.
“எங்க?”
புரியாமல் பார்த்தேன்.
“எங்க வச்சுக்கிறது?
அவரு சட்டைய பெட்டியில வச்சிருக்கேன்.
ஓட்டு கார்டை அரிசி டப்பாவுல வச்சிருக்கேன்.
செத்துட்டாருங்கிறத எங்க வச்சுக்கட்டும்?”

ஜூஸ் கடை மிக்சி ஓடி, நின்றது.

அவரே சொன்னார்:
பத்தாம் நாள் படகெல்லாம் டீசல் தீர்ந்து திரும்பின.
அன்று ராத்திரி கோயில் வாசலில் கூட்டம்.
இனித் தேட வேண்டாமென்று
ஒருத்தர் முன்மொழிந்தார், சத்தமே வராமல்.
வழிமொழிய யாருக்கும் வாய் வரவில்லை.
எழுந்து போனார்கள்.
அதுவே வழிமொழிந்தது.

வேறு சொல் தேடினேன்.
கருதி: செய்தித்தாள் வாசம்.
ஊகித்து: திருடனைப் பற்றிப் பேசுவதுபோல.
எனக் கொண்டு: கொள்வதென்றாலும்
கை நீட்டி வாங்கிக்கொள்வதுதானே.
தமிழில் எதையும் சும்மா நினைத்துவிட முடியவில்லை.
வைக்க வேண்டும், இல்லை கொள்ள வேண்டும்.
இரண்டுக்கும் கை வேண்டும்.

பின்னால் ஸ்டூலில் என் மகள், பத்தாவது,
‘தேவையான எண் எக்ஸ் என்க’ என்று எழுதுகிறாள்.
எவ்வளவு லேசாக எழுதுகிறாள்.
நாலு வரியில் எக்ஸ் பிடிபட்டுவிடுகிறது.
பிடிபடாவிட்டால் கடைசிப் பக்கத்தில் விடை.

“சரி, ஒரு பேச்சுக்கு” என்றார் அஞ்சலாட்சி.
“தாளு வந்துடுது. பணமும் வந்துடுது.
அதுக்கப்புறம் அவரு வந்துட்டாருன்னு வச்சுக்க.
அப்ப என்ன எழுதுவே?”

சட்டத்தில் அதற்கும் ஒரு சொல் இருக்கும்.
எனக்குத் தெரியாது.
வந்தா இதை ரத்து பண்ணிடலாம்
என்றேன், வக்கீல் குரலில்.
“அப்ப அதையும் எழுது.”

கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
எழுதினேன்:
‘மேற்படி கலிவரதன் திரும்பி வரும் பட்சத்தில்
இம்மனுவில் கண்டவை யாவும்
ஒரு பேச்சுக்குச் சொன்னவையாகவே
கொள்ளப்பட வேண்டும்.’

சாயங்காலம் வக்கீல் பார்த்தார்.
யாரும்மா இதைச் சொன்னது என்றார்.
நான் அடித்ததை அவர் அடித்தார்,
சிவப்பு மையில், இரண்டு கோடு.
புதிதாக மூன்று பக்கம் எடுத்துக் கொடுத்தேன்.

அடித்த பக்கத்தைக் குப்பையில் போடப்போனேன்.
அஞ்சலாட்சி கேட்டு வாங்கிக்கொண்டார்.
நாலாக மடித்தார்.
ராசாப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஏறினார்.

அரிசி டப்பாவில் வைத்திருக்கக்கூடும்.