செட்டைப் பிரிக்கிறதில்லை

மூணாறு பஜாரில், இறக்கத்தில் மூணாவது கடை.
மேலே போடுகிற கோட்டுகள் வாசலில் தொங்குகின்றன
ஊதி விட்ட பலூன் மாதிரி,
டூரிஸ்ட் கண்ணில் படட்டும் என்று.
எனக்கு வேண்டியது அதற்கும் உள்ளே,
ஸ்வெட்டருக்கும் உள்ளே,
தோலுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது.

"தெர்மலா சேச்சி? உண்டல்லோ."
கபீர் அடித்தட்டிலிருந்து மூன்று டப்பா எடுத்துப் போட்டார்.

பருத்தி, கைக்கு இதமாகத்தான் இருந்தது.
ஆனால் பருத்தியை எனக்குத் தெரியும்.
லயத்திலிருந்து பால் சொசைட்டிக்கு நூற்றுப் பதினாறு படி.
ஏறும்போது வேர்வையைக் குடித்துவிட்டு
கேனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது
அதையே ஐஸாக்கித் திருப்பிக் கொடுக்கும்.
குண்டளையில் தை மாதம்
புல்லெல்லாம் உப்புப் பூத்திருக்கிற நேரம்,
பால் ஆடுகிறதா நான் ஆடுகிறேனா என்று
லாக்டோமீட்டருக்கே சந்தேகம் வரும்.

கம்பளி, மூவாயிரத்து இருநூறு.
தொட்டுவிட்டு வைத்தேன்.
வைத்த பிறகும் விரல் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.
பிரமையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பாலியெஸ்டர்.
உட்பக்கம் பூனைக்குட்டி வயிறு.
பையிலிருந்த பாட்டிலைத் திறந்து
அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
"ஐயோ, எந்தா சேச்சி காணிக்கணது!"
சொட்டு நிற்கவில்லை. பரந்தது, மெலிந்தது,
ஊதினேன், காணோம்.
அப்புறம் அவரே பாட்டிலை வாங்கிப்
பருத்தியிலும் ஒரு சொட்டு விட்டார்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்
லாட்டரி முடிவு பார்ப்பதுபோல்.

மேலும் கீழுமாக ஒரு செட், ஆயிரத்து நூறு.
என் கையில் அறுநூறு.
காலுக்கு வீட்டுக்காரரின் பழைய ட்ராக் பேண்ட் ரெண்டு இருக்கு,
ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வேன்,
மேல் மட்டும் கொடுங்கள் என்றேன்.
செட்டைப் பிரிக்கிறதில்லை.
பிரித்தால் மிச்சக் காலை யார் வாங்குவார்?

"நான்" என்றது வாசலில் ஒரு குரல்.
தவசி என்று பெயர், போடிப் பக்கம்.
நாலு மணிக்கு ஜீப் எடுத்து
டாப் ஸ்டேஷனில் சூரியனைக் காட்டக்
கூட்டிப் போகிறவர்.
ஜீப்புக்குக் கதவு கிடையாது, படுதாதான்.
மேலுக்கு ஜாக்கெட் இருக்கிறதாம்.
கிளச் மிதிக்கையில் முட்டி மட்டும்
வேறு யாருடையதோ போல் இருக்கிறதாம்.

அவருக்கும் மீடியம், எனக்கும் மீடியம்.
இறுக்கமாகத்தான் இருக்கணும்,
இடம் விட்டால் குளிர் வந்து குந்திக்கொள்ளும்.
மேல் அறுநூறு, கீழ் ஐநூறு என்றார் கபீர்.
கைக்கு ரெண்டு குழல், காலுக்கும் ரெண்டு குழல்தானே,
அதென்ன நூறு ரூபாய் கூடுதல் என்றேன்.
மேலுக்குக் கழுத்து இருக்கிறதே என்றார்.

இரண்டையும் சேர்த்திருந்த பிளாஸ்டிக் நூலைக்
கத்தரிக்கோலால் வெட்டினார்.
அந்தச் சின்னச் சத்தத்துக்கு
நானும் அவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

டப்பா யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.
அதன்மேல் ஒரு வெள்ளைக்காரன், கழுத்திலிருந்து கணுக்கால்வரை
சாம்பல் நிறத்தில் முழுசாக நின்று
பனியில் சிரித்துக்கொண்டிருந்தான்.

லேபிளில் திருப்பூர்.
உச்சி வெயிலில், ஃபேன் சுற்றாத நேரம் பார்த்து
யாரோ எனக்கு இந்தக் கையைத் தைத்திருக்கிறார்கள்.

"கீழ் எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.
டாப் ஸ்டேஷன் போகிறது என்றேன்.
அவர் கேட்டது பாதி, புரிந்தது அதிலும் பாதி.

மறுநாள் படியேறி நின்றபோது
முதுகில் வேர்வை கிளம்பிப் போவது தெரிந்தது,
விருந்தாளி சொல்லிக்கொண்டு போவதுபோல.
எஸ்தரின் பால், இருபத்தெட்டு. கை நடுங்கவில்லை.
வளைவில் முகப்பு விளக்கு வந்தது.
ஹார்ன் அடிக்கவில்லை, வேகம் குறையவில்லை.
என் செட்டின் கால்கள்
கிளச்சை மிதித்து, கியர் மாற்றி
மேட்டில் ஏறிப் போயின.