எண்ணிக்கை

குருக்கள்மடத்துக்கு நான் வந்தபோது
பாதை அக்கரையில் நின்றது.
ஸ்கூட்டியின் முன்தட்டில் உன் நீலப் பை.
பாரிசிலிருந்து கொலோன், பிறகு கொழும்பு,
பிறகு இரவு ரயில், இப்போது இது.
ஒரு கைப்பிடி பிய்ந்திருக்கிறது, மிதுலன்.
அது நானில்லை, விமானக்காரர்.

வாவித் தண்ணீர் ஆராய்ச்சியைப் பார்க்க
ஜெர்மன் பள்ளிக்கூடமொன்று அழைக்கிறது என்று
அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தபோது
கடைசி வரிசையில் நீ கொட்டாவி விட்டாய்.

ஒன்பது பிள்ளைகள், பதினொரு நாள்,
பொறுப்பாசிரியை நான்.
கொலோனில் ஒன்பது.
ரைன் கரையில் விறைத்த விரல்களால்
நிறத்தாளை நனைத்தபோது ஒன்பது.
பாசலில் ட்ராம் ஏறி ஒன்பது, இறங்கி ஒன்பது.
"ரீச்சர் நித்திரையிலயும் எங்கள எண்ணுறா"
என்பாள் ஹம்சிகா.
உண்மைதான்.

சோற்றுக்கு அழுதவன் ஜெனுஷன்.
சூரிச்சில் அவனுடைய பெரியம்மா
வாளி நிறையக் கணவாய்க் கறியோடு
ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டா.
பிளாட்பாரத்தில் குந்தியிருந்து தின்றோம்.
பொலிஸ்காரன் ஒருவன் வந்து பார்த்து,
மணந்து,
போய்விட்டான்.
அன்று எல்லோரிலும் கூடச் சிரித்தவன் நீ.
அல்லது எனக்கு
இப்போதுதான் அப்படித் தோன்றுகிறது.

பாரிஸ். வடக்கு ரயில் நிலையம்.
மழை. இரண்டு நிமிடம்தான் இருந்தது.
குடையைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்து
எண்ணினேன்.
ஒன்பது.
ஏறினோம்.
கதவு பூட்டியபின்
ஜெனுஷனின் மடியில் இரண்டு பை.
"ஒருக்காப் பிடி" என்று தந்தாயாம்.

வலயக் கல்விப் பணிமனை விளக்கம் கேட்டது.
தூதரகம் கேட்டது.
பத்திரிகைக்காரர் ஒருவர் இரவு பத்து மணிக்குக் கேட்டார்.
சனநெரிசல் என்று எழுதிக் கொடுத்தேன்.
எழுதாதது ஒன்று:
அந்த ஒன்பதில்
என்னையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.
பதினொரு நாளில் ஒரே ஒரு தரம்,
நானும் பயணம் வந்தவள் என்று
நினைத்துவிட்டேன்.

பாதை வந்தது.
ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு மோட்டார் சைக்கிள், நான், உன் பை.
அம்பிளாந்துறைக்கு அப்பால்
வயல் வெட்டி முடிந்திருந்தது.
உன் அம்மா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தா.
அழுவா என்று நினைத்து,
சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன்.
அவ பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டா.
"அவன் அண்டைக்கே கோல் எடுத்திட்டான், ரீச்சர்.
மாமாட ரூமில நிக்கானாம்.
உங்களுக்கு ஏச்சு விழுமோ எண்டுதான் கேட்டான்."

கோபம் வந்தது எனக்கு.
அடுத்த வருசம் போக நிற்கும் பிள்ளைகளுக்கு
இனி யார் விசா கொடுப்பான் என்று
கேட்க வாயெடுத்தேன்.
தேத்தண்ணி வந்தது. சீனி கூட.
குடித்தேன்.

பையைத் திறந்தோம்.
பெயர் எழுதி ஒட்டிய சாக்லேட் மூன்று,
தோய்க்காத காலுறை,
அவதானிப்புக் கொப்பி.
கல்லடிப் பாலத்தடி, வாவி: 8.1.
கொலோன், ரைன்: 7.8.
கடைசிப் பக்கத்தில்
செய்ன் ஆறு, காலை 6.40, மழை,
வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ், பி.எச். 7.9.
நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.
அலகுகூடப் போட்டிருந்தாய்,
வழமையில் மறப்பவன்.

கைப்பையில் சிவப்புப் பேனை இருந்தது.
யோசிக்காமல் சரி போட்டேன்.
எட்டிப் பார்த்தா உன் அம்மா.
"பாஸா, ரீச்சர்?"
"ஓம்" என்றேன்.
"திகதி மட்டும் போடேல்ல."

திரும்பி வரும்போது பாதையில் நல்ல சனம்.
பழக்க தோஷம், எண்ணினேன்.
பதினாலு.
பிறகு என்னை விட்டு எண்ணத் தொடங்கினேன்.
எட்டோ ஒன்பதோ வரும்போது
யாருடையதோ ஆட்டுக்குட்டி
கால்களுக்கிடையில் புகுந்து ஓடி
கணக்கைக் குழப்பியது.