பதினொரு டாலர்

நான் வக்கீல் இல்லை.
தொலைபேசி எடுப்பவள்.
கிழக்கு கென்டக்கியில், மூடிப்போன ஒரு செருப்புக் கடையின் மாடியில்
எங்கள் சட்ட உதவி அலுவலகம்.
மழை பெய்தால் இரண்டாவது மேசைமேல் வாளி வைப்போம்.
முன்பு அது வெர்னா ஸ்டிட்ஹமின் மேசை.
மார்ச்சில் அரசுப் பணம் குறைந்ததும்
நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.
அவள் தொலைபேசி இன்னும் அடிக்கிறது.
வயரைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் பதினேழு.
முதல் கேள்வி, எதிராளி பெயர் என்ன.
அவரும் எங்களிடம் உதவிக்கு வந்தவர் என்றால்
அழைத்தவளுக்கு நாங்கள் இல்லை.
எதிராளிகள் எங்களிடம் வருவதில்லை.
அவர்களுக்கு ஒரு வக்கீல் இருக்கிறார்,
சக்கரம் வைத்த பெட்டியில் இருபத்திரண்டு கோப்புகளை
உருட்டிக்கொண்டு வருவார்,
பத்தரைக்குள் பெட்டி காலி.

செவ்வாய்க்கிழமை டெல்ஃபா டாக்கெட் அழைத்தாள்.
முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள், இரவு ஷிஃப்ட்.
படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம். மகனுக்கு இழுப்பு.
வீட்டுக்காரரிடம் சொன்னாள்,
கொத்தனாரை அனுப்பும்வரை வாடகை தரமாட்டேன் என்றாள்.
அவர் நோட்டீஸ் அனுப்பினார்.
வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்.

பதினான்காம் கேள்வியில் நின்றோம்.
மருந்துக் காசுக்காகப் போன மாதம்
ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் பார்த்திருக்கிறாள்.
அது அவளை எங்கள் வரம்புக்கு மேலே தூக்கிவிட்டது,
பதினொரு டாலர்.
மறுபடி கூட்டிப் பாருங்கள் என்றாள்.
கூட்டினேன்.
அந்தப் பதினொன்றை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?
கிண்டல் இல்லை,
உண்மையாகவே கேட்டாள்.

ஒரு காரைத் திருடியிருந்தால்
அதே கட்டடத்தில் இடப்பக்க அறையில்
அரசே அவளுக்கு ஒரு வக்கீலை நிறுத்தியிருக்கும்.
வீடு பறிபோவது வலப்பக்க அறை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது.
ஏறட்டும் என்றுதான் யாரோ ஒரு காலத்தில் படி கட்டினார்கள்.
வருடா வருடம் பட்ஜெட்டில்
ஒரு கல்லைப் பெயர்த்துச் சாலைக்குப் போடுகிறார்கள்.
நல்ல சாலைதான்.
அதில்தான் நான் வேலைக்கு வருகிறேன்.

மறுப்பதற்குக் குறியீடுகள் உண்டு.
நான்கு என்றால் வருமானம் அதிகம்.
ஏழு என்றால் எங்களிடம் ஆள் இல்லை.
டெல்ஃபாவுக்கு நான்கு போட்டேன்.
ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை கிடையாது.
"போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்" என்றேன்.
அது ஆலோசனையா இல்லையா, இன்னும் தெரியவில்லை.

வியாழன் பல்வலி என்று சொல்லிவிட்டுப்
போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
அவளுக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது.

வாடகை பாக்கி உண்டா என்றார் நீதிபதி.
ஆமாம், ஆனால் சுவர்...
ஆமாம் மட்டும் காகிதத்தில் ஏறியது.
பூஞ்சணத்தைப் படம்பிடித்து அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தாள்,
மருந்துக் கடை உறையில்.
உறையைத் திறக்கச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
தானாகத் திறக்கலாம் என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசியில் வாய்தா கேட்டாள்.
வெளியே வரிசையில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.
அந்தச் சொல்லைப் பிரித்துவிட்டால்
அவள் கேட்க வந்தது அதுதான்:
வாய் தா.

வாய்தா இல்லை.
காலி செய்ய ஏழு நாள்.
சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிருந்தது.
படியிறங்கும்போது அவள் கைப்பை என் தோளில் இடித்தது.
மன்னிக்கவும் என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் குரலை அடையாளம் கண்டுகொள்வாள்.

மதியம் அவள் தாளைத் தேடி எடுத்து
நான்கை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன்.
அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.
டிசம்பரில் யாரோ கூட்டிப்பார்க்கும்போது
'அதிகம்' என்ற கட்டத்தில் அவள் இருக்கமாட்டாள்,
அவ்வளவுதான்.

வெர்னாவின் தொலைபேசி அடித்தது.
வாளியை நகர்த்திவிட்டு எடுத்தேன்.
ஒரு ஆண், கிழவர் குரல், மூச்சு வாங்கியது.
கேட்டேன்:
எதிராளி பெயர் என்ன?