இங்கே இதுதான் குளிர்காலம்

உப்புக் குடுவையில் நாலு அரிசி போடச் சொன்னவள்
பக்கத்து வீட்டு யோர்லெனி.
இல்லாவிட்டால் உதிராது.

பின்லாந்து வீட்டை விற்றுவிட்டு
கோஸ்டாரிகா வந்து பதினோரு மாதம்.
இர்மெலியின் தோல் செருப்பில் பச்சை பூத்திருக்கிறது.
அகராதி ஊறிப் பருத்து
பாதிக்குமேல் திறக்க மறுக்கிறது,
அதுவரைக்கும்தான் அவளுடைய ஸ்பானிஷ்.

குடியேற்ற அலுவலகத்தில்
ஒரு முத்திரை குறைகிறதாம்.
போன வாரம் குறைந்தது வேறு முத்திரை.

ஜூனிலும் ஆறு மணிக்கு இருட்டு
டிசம்பரிலும் ஆறு.
கோடைக்குக் கோடை இரவு சுருங்குமென்று
காத்திருக்கும் பழக்கத்தை
உடம்பு இன்னும் விடவில்லை.

விளம்பரப் படத்தில் கடல் இருந்தது.
எறும்பு இல்லை.

மே மாதம். தகரக் கூரைமேல் முதல் மழை.
கொடித்துணியை அள்ளிக்கொண்டு ஓடும் யோர்லெனி
வேலிக்கு அப்பாலிருந்து கத்துகிறாள்:
"குளிர்காலம் வந்தாச்சு!"

முப்பது டிகிரி.
சிரிப்பதா என்று தெரியாமல்
கழுத்து வியர்வையைத் துடைத்தபடி
இர்மெலி அலமாரியைத் திறக்கிறாள்.
கம்பளிக் கோட்டு
நரைத்துப்போய்த் தொங்குகிறது.
பைக்குள் கைவிட்டால்
ஹெல்சிங்கி டிராம் சீட்டு, கூழாக.
இன்னொரு பையிலிருந்து
ஒரு பல்லி எட்டிப் பார்க்கிறது,
யார் நீ என்பதுபோல.

கோட்டை அப்படியே விட்டு
சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறாள்.
அதற்கு முத்திரை எதுவும் குறையவில்லை போலும்.